தொட்டியில நிக்கிறது என் மரம் இல்ல

இல்ல தம்பி, மொதல்ல தொட்டியத் தொடாதீங்க. சும்மா நின்னு பாருங்க. கையப் பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க. கோவிச்சுக்காதீங்க, உங்கள நம்பாம இல்ல. ஆனா செடி நர்சரி வச்சிருக்கிறவங்களுக்கு நாலு பேரத் தெரியும். அந்த நாலுல ஒருத்தர் காபிக்கடைக்காரரா இருந்தாலும் இருக்கலாம். என் மருமகளோட அண்ணன் காபிக்கடை வச்சிருக்காரு. தெரியாதா? கடைத்தெரு முனையில, கண்ணாடிக் கதவு போட்டது. போனதே இல்லையா? சரி, போனதில்லன்னே வச்சுக்குவோம்.

உங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இந்தத் தொட்டியில நிக்கிறது என் மரம் இல்ல, யாரோ மாத்தி வச்ச மரம். அத நீங்க பாத்துட்டு, ஆமா அம்மா சொல்றது சரிதான்னு என் பையன்கிட்ட போன்ல சொல்லணும். நான் சொன்னா அவன் நம்ப மாட்டேங்கறான். பெத்தவ சொல்றத விட நேத்து வந்தவ சொல்றதுதான் அவனுக்கு... வேண்டாம், அத விடுங்க.

அஞ்சும் ஜப்பான் மேப்பிள்தான், ஆமா. தொட்டியிலயே வளத்தது. ஓரத்துல இருக்கிற நாலும் விதையில வந்த பச்சை, அதுங்களுக்கு ஒண்ணும் ஆகல. பச்சைய எவன் எடுப்பான்? நடுவுல நின்னதுதான் சிவப்பு இலை. பென்சில் தடிமன்ல ஒரு குச்சியா வாங்கிட்டு வந்தேன், ஒன்பது வருஷத்துல என் நெஞ்சு உயரம் வந்துச்சு. காலையில வெயில் பின்னாடியிருந்து விழுந்தா இந்தச் சுவரே செவந்து போயிடும். எதிர் வீட்டுல குடியிருக்கிற டாக்டர் பல் தேச்சுக்கிட்டே அதத்தான் பாத்துக்கிட்டு நிப்பாரு. அவரையும் நான் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, அவருக்கு முதுகு வலி, தொட்டியத் தூக்க முடியாது.

வளக்கறது சும்மா இல்ல, உங்களுக்குத் தெரியாததா. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, குளிர் முடியுறப்ப, மொட்டு விரியறதுக்கு முன்னாடி வெளிய எடுத்து, சுத்தி வந்த வேர வெட்டி, மரப்பட்டைத் தூளும் பொடிக்கல்லும் கலந்து திரும்ப வைப்பேன். உச்சி வெயில் பட்டா இலை நுனி கருகும்னு இந்தத் துணிய நாந்தான் கட்டினேன், ஸ்டூல் மேல ஏறி. குழாய்த் தண்ணியில உப்பு, அதனால மழைத் தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துவேன். என் பையனுக்கு ஒன்பது வருஷத்துல நான் இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சேனான்னு கேட்டா, தெரியல.

இப்படி இருக்கறப்ப என் பொண்ணுக்குப் பிரசவம். ரெட்டைப் பிள்ளைங்க. ஒரு மாசத்துல வந்துடலாம்னு போனவ, ஏழு மாசம் கழிச்சு வந்தேன். வேற வழியில்லாம இந்தத் தொட்டிங்கள மருமக பொறுப்புல விட்டுட்டுப் போக வேண்டியதாச்சு. வந்து பெட்டியக்கூடக் கீழ வைக்கல, நேரா பால்கனிக்குத்தான் வந்தேன். பாத்தா, பச்சை. நடுத் தொட்டியில, என் தொட்டியில, நல்லா கொழுகொழுன்னு ஒரு பச்சை மரம். பின்னாலயே வந்து நின்னுக்கிட்டு, தெனமும் ஊத்தினேன் அத்தை, ஒரு நாள் விடலன்னு சொல்றா. கேட்டேனா நான்?

தொட்டி அதேதான். அடியில நகப்பூச்சுல ஒரு புள்ளி வச்சிருக்கேன், பாருங்க, தெரியுதா? எல்லாத்துலயும் வச்சிருக்கேன். மண்ணு மேல இருக்கிற பாசியும் அதே பாசிதான், கலையவே இல்ல. கலையாம இருக்கறதுதான் எனக்கு இடிச்சுது. திருடறவன் கலைச்சுப் போடுவான். இது தெரிஞ்சவ கை வேலை. பாசிய அடை மாதிரி முழுசா எடுத்து, மரத்த மாத்திட்டு, திரும்ப மூடி வச்சிருக்கா.

ஆதாரமா? இல்லாமலா பேசுவேன். அவ அண்ணன் கடை வாசல்ல, கண்ணாடிக் கதவு பக்கத்துல, நீலத் தொட்டியில ஒரு சிவப்பு மேப்பிள். ஆமாங்கறேன். நான் ஒண்ணும் சொல்லாம போயி, ஒரு காபி சொல்லிட்டு, அது பக்கத்து நாற்காலியிலயே உக்காந்தேன். கைப்பையில நூல் வச்சிருந்தேன். யாரும் பாக்காதப்ப அடிமரத்தச் சுத்தி அளந்துட்டேன். என் மரத்தோட பழைய அளவ விட ஒரு விரக்கடை கூட இருந்துச்சு. ஏழு மாசத்துல தடிக்காதா? அவ அண்ணன், ரெண்டு வருஷமா இங்கதாம்மா இருக்குன்னு போன்ல போட்டோ காட்டறாரு, தேதியோட. தேதிய மாத்தறதெல்லாம் இப்ப சின்னப் பிள்ளைங்களே செய்யுது. நான் கொஞ்சம் சத்தமா பேசிட்டேன்னு வைங்க.

சரி, இப்பத் தொடுங்க. மெதுவா. எத? நடுவுல நிக்கிற அந்தக் காஞ்ச குச்சியா? அது சும்மா முட்டுக் குடுக்க அவ நட்டு வச்சது. இல்லையா? பிடிச்சு ஆட்டினா மரமே சேந்து ஆடுது... இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்.

ஆமா, புடைப்பு தெரியுது. தெரியாம என்ன, ஒட்டுக் கட்டின இடம். என் மரமும் ஒட்டுச்செடிதான். கீழ பச்சையோட வேர், மேல சிவப்போட கிளை. இந்தப் புடைப்புல ஒரு தழும்பு இருக்கா? சாய்வா? அது நான் வேர் வெட்டறப்ப கத்தி பட்டது. இருக்கா. சரி. தழும்பெல்லாம் எந்த மரத்துலயும் இருக்கும் தம்பி.

அப்ப நீங்களும் அதத்தான் சொல்றீங்க. ஒட்டுக்குக் கீழயிருந்து பச்சைத் துளிர் கெளம்பி, அதுவே எல்லாத் தண்ணியையும் குடிச்சு, மேல இருந்த சிவப்ப பட்டினி போட்டுக் காய வச்சிருச்சு. மரம் மாறல. தெனம் தண்ணி ஊத்த ஊத்த பச்சைக்குத்தான் கொண்டாட்டம். ம்.

நீங்க மூணாவது ஆள். மொத வந்தவர் கத்துக்குட்டின்னு அனுப்பிட்டேன். ரெண்டாவது ஆளு அவ அண்ணன் கடையில காபி குடிக்கிறவராம், அவரா வாய விட்டுட்டாரு. உங்கள ஊருக்கு அந்தப் பக்கத்துலேந்து வரச் சொன்னதே அதுக்குத்தான்.

தெரியும் தம்பி. அடியில வர்ற துளிரக் கிள்ளி எடுக்கணும்னு எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் நாந்தான் கிள்ளுவேன். எல்லாரும் தூங்கி எழுந்துக்கறதுக்கு முன்னாடி. ஊருக்குப் போறப்ப அவளுக்காகக் கதவுல எழுதி ஒட்டிட்டுப் போன பேப்பர்ல அது இல்லதான். மறந்துட்டேன்னு என் பையன்கிட்ட சொல்லலாம். மறக்கல. சமையல் அவளுக்கு வந்துருச்சு, வீட்டுக் கணக்கு வழக்கு அவ கைக்குப் போயிருச்சு, என் பையன் சட்டை எங்கன்னு அவளத்தான் கேக்கறான். இந்த மரத்தோட சூட்சுமமும் தெரிஞ்சுட்டா அப்புறம் இந்த வீட்டுல நான் எதுக்கு? அதனால கத்தரி வைக்கக் கூடாது, ஒரு இலையக்கூடக் கிள்ளக் கூடாதுன்னு கொட்ட எழுத்துல எழுதினேன். கத்தரியையும் பீரோவுல வச்சுப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிட்டேன்.

அவ கேட்டா. ரெண்டாவது மாசமே போன் பண்ணினா. அத்தை, அடியிலேந்து பச்சையா ஏதோ வருது, நகத்தால எடுத்துடட்டுமான்னு. ஒரு பிள்ளை தோள்ல, ஒரு பிள்ளை மடியில, எனக்கு மூச்சு விட நேரமில்ல. அதுவா காரணம்? அதில்ல. வெட்டித் துண்டா எடுத்துட்டுப் போயி அவ அண்ணன் கடையில நட்டு வைக்கப் பாக்கறாளோன்னு தோணுச்சு. அதுல கைய வச்சா நான் திரும்பி வர மாட்டேன்னு சொன்னேன். சரிங்க அத்தைன்னு வச்சுட்டா. சொன்ன சொல்ல மீறல, பாருங்க. கண்ணு முன்னால சிவப்பு காய்றதப் பாத்துக்கிட்டே ஊத்தியிருக்கா.

வேண்டாம், கதவத் தட்டாதீங்க, உள்ள யாருமில்ல. பையனும் மருமகளும் போயி பதினாறு நாளாச்சு. நாந்தான் போகச் சொன்னேன். அன்னிக்குக் கடையில அவளும் இருந்தா தம்பி. அத்தனை பேரு முன்னால, அவ அண்ணன் முன்னால, திருடின்னு சொன்னேன். ஒரு தடவ இல்ல.

ஒண்ணுதான் எனக்குப் புரியல. நான் போன்ல கேட்டேனே அத்தை, நீங்கதான தொடாதன்னீங்கன்னு அவ ஒரு வார்த்தை விட்டிருந்தா, நான் அங்கயே தலையத் தொங்கப் போட்டிருப்பேன். சொல்லல. என்னயே பாத்தா, பைய எடுத்துக்கிட்டா, வெளிய போயிட்டா. இன்னிக்கு வரைக்கும் என் பையன்கிட்டயும் அத சொல்லல. சொல்லியிருந்தா அவன் என்னைக் கேக்காம விடுவானா? இதுல என்ன உள்குத்து இருக்கும்னு பதினாறு நாளா இங்க உக்காந்து யோசிக்கிறேன், பிடிபடல. நீங்க நாலு எடம் போறவரு, நீங்களே சொல்லுங்க. ஒருத்தி ஒரு லாபமும் இல்லாம என்னை எதுக்குத் தம்பி காப்பாத்தணும்?