ஐரிஷ்காரரின் யாழ்ப்பாண மனேச்சர்

தொண்ணூற்றிரண்டு, ஆனி மாதத்து ஞாயிறு. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ரயிலேறிய இரண்டு யாழ்ப்பாணத்தவர் என் எதிரே அமர்ந்தனர். மூத்தவர் சொன்னார்:

“ஐரிஷ்காரற்ர கேலிக் புட்போலில பந்தைக் கையாலயும் பிடிக்கலாம், காலாலயும் அடிக்கலாம். அஞ்சு வருசம் விளையாடி நான் ரெண்டும் செய்யேல்லை.”

“பிறகேன் அண்ணை அந்த ஐரிஷ்காரர் உங்களை மனேச்சராக்கினவை?”

“என்னைக் கிறவுண்டை விட்டுக் கலைக்க அவங்களுக்கு வேற வழி தெரியேல்லை. நானும் முதல் வேலையா ரீமில இருந்து என்ர பேரைத்தான் வெட்டினன். அண்டைக்கே வெண்டம்.”

“இண்டைக்கு ரைஸ்லிப்பில நடக்கிற மட்ச்?”

“தோத்தால் மனேச்சர் வேலையும் போயிடும். விடியப் போன் பண்ணினவங்கள், பதினைஞ்சு பேரில ஒராள் வரமாட்டானாம். என்னை இறங்கட்டாம்.”

“இறங்குவியளோ?”

ரைஸ்லிப்பில் கதவு திறந்தது. மூத்தவர் எழுந்தார்.

“உனக்கென்ன விசரே? பதினாலு பேரெண்டால் வெல்லலாம்.”