அம்மா வாற பாதை

— அப்பா, இந்தக் கட்டை சரிஞ்சு நிக்குது. அம்மா பாத்தால் சிரிப்பா.

— சிரிக்கத்தானே குஞ்சு இவ்வளவும். தள்ளு, கல்லாலை இறுக்கிறன். ம்... இப்ப?

— இப்ப நேர்! படலையிலை இருந்து வாசல் மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே வரிசை. கட்டைக்குக் கட்டை நடுவிலை நித்தியகல்யாணி!

— கட்டை எங்கடை கிளுவை வேலியிலை வெட்டினது, பூக்கண்டு றோட்டுக்கரையிலை பிடுங்கினது, சிவப்புப் பெயின்ட் லாண்ட்மாஸ்டர் உழவு மிசினுக்கு அடிச்ச மிச்சம். கடையிலை வாங்கினால் இப்பிடி வருமே? ஏய் யதுசா, கையைச் சட்டையிலை துடையாதை!

— இதைப் பாத்திட்டு அம்மா மன்னாருக்குப் போகமாட்டா, என்ன?

— இஞ்சை பார். கொம்மா மிதிவெடி எடுக்கிற வேலைக்கு ஆசையிலையே போறா? முகமாலைக் காம்பிலை நிண்டாலும் ஞாயிறிலை வந்தவா. அங்கத்தை வேலை முடியுது. மன்னாருக்கு மாத்தினால் மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவா. அதைக் கேட்டு அழப்படாது. சரியோ?

— அழமாட்டன். ஆனா எனக்கு அம்மா வேணும்.

— எனக்கும்தானம்மா வேணும்.

— பஸ் சத்தம்! அம்மா வாறா! அம்மா, படலையைத் திறந்து வாங்கோ!

— அசையாதை! யதுசா, நிண்ட இடத்திலை நில்! காலை எடுக்காதை!

— ஏனம்மா கத்துறியள்? அப்பா, ஏன் அம்மா உள்ளுக்கை வாறாவில்லை?

— கிருசா, என்னப்பா? முகமெல்லாம் வெளிறிப்போச்சு. பாம்பு கீம்பு கண்டனீரோ?

— இந்தச் சிவப்புக் கட்டையளை ஆர் நட்டது?

— நாங்கள்தான்... ஐயோ! ஐயோ, என்ரை மொக்குப் புத்தி!

— என்னப்பா? அம்மாவுக்குப் பிடிக்கேல்லையோ?

— அப்பிடியில்லையம்மா. கொம்மான்ரை வேலையிலை சிவப்புக் கட்டை எண்டால், அங்காலை இன்னும் வெடி எடுக்கேல்லை, கால் வைக்கப்படாது எண்டு அர்த்தம். கண்ணுக்கு முன்னாலை நீ பூசேக்கையும் எனக்கு உறைக்கேல்லையே!

— எங்கடை முற்றமெண்டு எனக்குத் தெரியுதப்பா. கால்தான் கேக்குதில்லை.

— நான் பிடுங்கி எறியிறன்! எல்லாத்தையும் எறியிறன்!

— எறியாதை செல்லம். அழாதை. வெடி எடுத்து முடிஞ்ச இடத்துக்கு என்ன நிறம் தெரியுமோ? வெள்ளை. இஞ்சருங்கோ, கிணத்துக்கட்டுக்குப் பூசின சுண்ணாம்பு மிச்சம் கிடக்கே?

— கிடக்கு, கிடக்கு. இந்தா, வாளியோடை கொண்டந்திட்டன்.

— யதுசா, ஒவ்வொண்டாப் பிடுங்கி மற்றத் தலையைச் சுண்ணாம்பிலை தோய். அப்பா தலைகீழாத் திருப்பி நடட்டும். இண்டைக்கு நான்தான் உங்களுக்குச் சூப்பவைசர்.

— இந்த வீட்டிலை எண்டைக்கு நீர் சூப்பவைசரா இருக்கேல்லை?

— வாய் காட்டாமல் நேரா நடுங்கோ. அது கோணல்.

— அம்மா, முதல் ரெண்டும் வெள்ளை. வரலாமோ?

— அந்தளவுக்கு வரலாம். இந்தா, வந்திட்டன். அடுத்தது?

— இதுவும் வெள்ளை!

— வந்திட்டன். அட, வெள்ளைப்பூவும் றோஸ் நிறப் பூவும் மாறி மாறி! ஆற்றை யோசினை?

— என்ரை!

— நல்ல வடிவா இருக்கடி குஞ்சு. எனக்கெண்டு ஆரும் இப்பிடி ஒண்டு செய்து தந்ததில்லை.

— கடைசிக் கட்டையும் நட்டாச்சு! அம்மா, தூக்குங்கோ!

— வா, வா. கை முழுக்கச் சுண்ணாம்பு! என்ரை உடுப்புப் போச்சு. போகட்டும்.

— அம்மா... நான் அழேல்லை. நீங்கள் மன்னாருக்குப் போங்கோ. ஆனா கெதியா வந்திடுங்கோ.

— மன்னாரோ? ஆர் இவளுக்குச் சொன்னது?

— நான்தான் சொன்னனான் கிருசா. பிள்ளை மனசைத் தேத்த வேணுமெல்லே.

— நான் மாட்டனெண்டிட்டன். இஞ்சை ஒட்டுசுட்டான் பக்கம் வெடி எடுக்க ஒரு காட்டுத்துண்டு மிச்சம் கிடக்காம். அதுக்குப் பேர் குடுத்திட்டன். விடிய வேலை வான் ஏறிப் போனால் பின்னேரம் வீட்டை வந்திடுவன், ஒவ்வொரு நாளும்.

— எட! அதை வந்த உடனை சொல்லுறதுக்கென்ன?

— சொல்லத்தானேயப்பா பஸ்ஸாலை இறங்கி ஓடி வந்தனான்! நீங்கள் ரெண்டு பேரும் என்னைப் படலையிலையே மறிச்சுப் போட்டியள்.