நாலாவது சரணம்

— கதவச் சாத்து, அல்மா. உள்ள எல்லாரும் மீனும் ஷ்னாப்ஸ் சாராயமுமா சந்தோஷமா இருக்காங்க. உன் கத்தல் அங்க கேக்கணுமா?

— கேக்கட்டுமே, கிரேகர்ஸ். இன்னும் கொஞ்ச நேரத்துல எழுந்து நின்னு பாடத்தானே போறாங்க. தட்டுக்குத் தட்டு பாட்டுத் தாள் வச்சாச்சு.

— கேளு. பிறந்த நாள்காரனுக்குப் பாட்டு எழுதினா கிண்டலா எழுதறதுதான் வழக்கம். என் வழுக்கையப் பாடு, என் மூணு கல்யாணத்தப் பாடு. முதல் மூணு சரணத்துக்கு நானே கை தட்டுவேன். நாலாவதுல என்னைத் திருடன்னு எழுதியிருக்கு.

— திருடன வேற எப்படி எழுதறது?

— அத மட்டும் விட்டுடு.

— நீ வெட்டின ஃபிலிம் இருக்கற பெட்டியக் குடு, விட்டுடறேன். என் முதல் படத்தோட கடைசிக் காட்சி. கடற்கரையில நடுக்கோடைத் திருவிழா நெருப்பு. ஊரே சுத்தி நின்னு பாடுது, என் கதாநாயகி செருப்பக் கழட்டி நெருப்புல எறியறா. அத வெட்டிட்டு, அவ மணல்மேட்டுல ஏறி மூடுபனிக்குள்ள போறதோட முடிச்சுட்டே.

— பத்திரிகைக்காரங்க அந்த மூடுபனியத்தானே தலையில தூக்கி வச்சு ஆடினாங்க?

— உன்னைத் தூக்கி வச்சு ஆடினாங்க! கத்தரிக்கோல் கிரேகர்ஸ்! சின்னப் பொண்ணு எடுத்த படத்த வெட்டிக் காப்பாத்தின மகா தயாரிப்பாளர்! அந்தப் பேர வச்சே முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டிட்டே. எவன் படம் எடுக்க வந்தாலும் உன் ஆபீசுக்குள்ள நடுங்கிக்கிட்டே நுழைஞ்சான். ஆமாமா, என் நெருப்புலதான் இத்தன நாளும் குளிர் காஞ்சே.

— நல்லாப் பேசுற. உன் படங்கள்லயும் இதே வியாதிதான், வசனம் ஜாஸ்தி.

— சிரிக்காத. என் புருஷன் ஈவர் அன்னிக்குக் கேமராவுக்குப் பின்னால நின்னவன். பொழைப்புக்காக உன்கிட்ட வேல பாத்தாலும், வீட்டுக்கு வந்தா உன்னைத் திட்டாம தூங்க மாட்டான்.

— அப்படியா?

— அந்தப் படத்தப் புதுப்பிச்சு மறுபடி வெளியிடப் போறாங்க. எனக்கும் வயசு அறுபத்தாறு. இனிமே என்னைப் படம் எடுக்கச் சொல்லி எவன் கேப்பான்? இந்த ஒரு தடவையாவது என் படம் என் முடிவோட வரணும். பெட்டி எங்க?

— இல்ல.

— எரிச்சுட்டியா?

— இல்லன்னா இல்ல. போய் மூணு சரணம் பாடு, கேக் வெட்டலாம்.

— வெட்டு, வெட்டு. உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே! உன் பேரப்பிள்ளைங்க உள்ள இருக்காங்கல்ல? தாத்தா திருடன்னு அவங்க வாயாலேயே பாட வைக்கிறேன், பாரு.

— அல்மா, நில்லு. அந்தக் காட்சிய நீ எப்பவாவது திரையில பாத்தியா?

— எங்க காட்டினே? லேப்ல இருக்கு, லேப்ல இருக்குன்னே. அப்புறம் வெட்டிப் போட்டுட்டேன்னே.

— வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. கேமராவுல ஃபிலிமே இல்ல.

— என்ன உளர்ற?

— கேளு. வருஷத்துக்கு ஒரு தடவதான் அந்த நெருப்பு. ஊரே வந்து நிக்குது. உன் புருஷன் மத்தியானத்துலேர்ந்து மீனவங்களோட பீர் குடிச்சுட்டு, ஃபிலிம் போடாமலே கேமராவ ஓட்டிட்டான். நெருப்பு அணைஞ்சப்புறம்தான் திறந்து பாத்திருக்கான்.

— ஈவரா?

— ஈவர்தான். விடிஞ்சதும் என் அறைக்கு வந்து அழுதான். அல்மாவுக்குத் தெரிஞ்சா என்னை விட்டுப் போயிடுவா, நீ வெட்டிட்டதாச் சொல்லிடுன்னு கால்ல விழாத குறை. அடுத்த வருஷ நெருப்பு வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது. அவன மாதிரி ஒளி அமைக்கவும் வேற ஆள் கிடையாது. தயாரிப்பாளரத் திட்டறது என்ன ஊருக்குப் புதுசா? சொல்லிட்டேன். ரொம்ப நல்லவன்னு நினைச்சுக்காத. வெட்டாத காட்சிய வெட்டினேன்னு வந்த பேரு, அத வச்சுத்தான் நான் பெரிய ஆளானேன். அதனால வாயத் திறக்கல.

— பொய்.

— அதோ உள்ள, பாட்டுக்கு வாசிக்க அக்கார்டியன மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். போய் அவன் முகத்தப் பாத்துக் கேளு.

— நீ... இரு. இரு.

— என்ன இரு? இத்தன வருஷம் அவன் பொண்டாட்டிகிட்ட நான் திருடன்! நாலாவது சரணத்த எழுதறதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாது?

— முதல் மூணுதான் நான் எழுதினேன், கிரேகர்ஸ். நாலாவத ஈவர் எழுதிக் குடுத்தான்.