முட்டை வண்டிக்குப் பின்னால்

எனக்கு முட்டை பிடிக்காது, அம்மா. நாமக்கல் பக்கத்துக்காரன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் அப்பா கோழிப்பண்ணை வைத்திருந்தவர். மீசை அரும்புவதற்கு முன்பே சைக்கிளில் முட்டை அட்டைகளைக் கட்டி ராசிபுரத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டவன் நான். அந்த வாடையிலேயே வளர்ந்ததில் நாக்கு சலித்துப்போய்விட்டது. இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், முட்டை வியாபாரி அம்மாசி ஏற்றிக்கொண்டு வந்த முட்டைமேல் ஆசைப்பட்டுத்தான் அவரைத் துரத்தினேன் என்று வெண்ணந்தூர் பக்கம் ஒரு பேச்சு ஓடுகிறது. அது சுத்தப் பொய்.

என் பெயர் வெங்கடாசலம், சிறப்பு உதவி ஆய்வாளர். ரோந்து ஜீப்புக்குப் பொறுப்பு. கோட்டாட்சியர் விசாரணைக்கு நீங்கள் இன்னும் என்னைக் கூப்பிடவே இல்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். காரணம் பத்திரிகையில் வந்த செய்தி. ‘ஓட்டுநர் மாதேஷ் போலீஸ் ஜீப்பைத் தாறுமாறாக ஓட்டியதில் முட்டை வியாபாரி கிணற்றில் விழுந்து பலி’ என்று போட்டிருந்தார்கள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு ஜீப்பை ஓட்டியவன் மாதேஷ் இல்லை, நான். இத்தனை வருட சர்வீஸில் என் ஓட்டுதலை யாரும் தாறுமாறு என்று சொன்னதில்லை. ஏற்காட்டு மலையில் அதிகாரியை உட்காரவைத்து ஓட்டினேன், அவர் கையிலிருந்த காபி தளும்பவில்லை. மாதேஷ் சின்னப் பையன், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவனை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள், கைது செய்யப்போவதாகவும் கேள்வி. செய்யாத தப்புக்கு அவன் ஜெயிலுக்குப் போகக்கூடாது. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

டீ வேண்டாம் அம்மா, தண்ணீர் போதும்.

அன்றைக்குக் காலையிலிருந்து குப்பாயி டீக்கடைக்குப் பக்கத்தில் வண்டி சோதனை போட்டிருந்தோம். ஒரு கேஸும் சிக்கவில்லை. வந்தவன் எல்லாம் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு வயல் வரப்பில் இறங்கிப் போய்விட்டான். அப்போதுதான் அம்மாசி தன் மொபெட்டில் வந்தார். பின்னால் முட்டை அட்டைகள் அவர் தலைக்கு மேலே அடுக்கி, சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. தலையில் ஹெல்மெட். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் மொபெட்டில் போகிற எவனாவது ஹெல்மெட் போடுவானா, நீங்களே சொல்லுங்கள். மடியில் கனமில்லாதவன் எதற்காகத் தலையை மூட வேண்டும்? கையைக் காட்டினேன்.

அவர் நிற்கவில்லை. இடது கையைப் பின்னால் நீட்டி, காற்றைத் தட்டிக்கொடுப்பதுபோல இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மெல்லப் போனார்.

நீங்கள் வெளியூர் என்பதால் இதை நான் விளக்க வேண்டும். முட்டை ஏற்றியவன் சட்டென்று பிரேக் பிடிக்கமாட்டான். பிடித்தால் மேல் அட்டை சரிந்து முதுகில் விழும், அன்றைய பிழைப்பு தரையில் ஓடும். அதனால் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தள்ளிப்போய்த்தான் நிறுத்துவான். அந்தக் கைத்தட்டுக்கு, இரு, முன்னால் போய் நிற்கிறேன் என்று அர்த்தம். பஸ் டிரைவர்கூட அதைப் பார்த்தால் ஹாரன் அடிக்கமாட்டார். சைக்கிள் காலத்தில் நானே ஆயிரம் தடவை அப்படித் தட்டியிருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். ஆனால் தெரிந்த விஷயத்தைக் காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு வாங்கிக்கொள்வது வேறு மாதிரி இருக்கிறது.

டீக்கடையில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வடைச்சட்டிக்குப் பின்னாலிருந்த குப்பாயிதான் ஆரம்பித்துவைத்தாள்.

“ஏனுங்க சார், உங்களையே இருக்கச் சொல்லிப்போட்டுப் போறாருங்களே.”

அவள் கிண்டலாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா தெரியாது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தருக்குப் புரையேறி, டீ மூக்கு வழியாக வந்தது. நான் கோபப்படவில்லை. மாதேஷை டிரைவர் சீட்டிலிருந்து நகரச் சொன்னேன், அவ்வளவுதான். அவன் ஓட்டினால் மாட்டுவண்டி போகிற மாதிரி இருக்கும். அவன் நகர்ந்துகொண்டே சொன்னான்.

“ஐயா, முட்டை வண்டிங்க. அந்தப் புளியமரத்துக்கிட்ட அவரே நிப்பாட்டிருவாருங்க.”

நான் சைரனைப் போட்டேன்.

உண்மையில் புளியமரத்தடியில் நிறுத்தத்தான் அம்மாசி வேகத்தைக் குறைத்தார். ஆனால் பின்னால் சைரன் கேட்டதும் அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. போலீஸ் ஏதோ கொலைக்கேஸுக்குப் போகிறது, நாம் வழி மறிக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். அந்த இடத்தில் ரோடு குறுகல். அதனால் நிற்காமல் கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்துப் போய், மண்ணில் ஒதுங்கி, போங்க போங்க என்று கையை வீசினார். நானும் பின்னாலேயே ஜீப்பை நிறுத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். ஜீப்புக்கு இடம் பத்தவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் அகலமான இடம் தேடி மறுபடியும் கிளம்பிவிட்டார். நானும் கிளம்பினேன்.

இறங்கிப்போய்ப் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு இடுப்பில் பிடிப்பு, ஜீப்பிலிருந்து இறங்கி ஏறுவது லேசான காரியமில்லை. தவிரவும், ஒரு முட்டைக்காரரை நோக்கி அதிகாரி நடந்துபோவது முறையாக இருக்காது. அவர்தான் வர வேண்டும்.

இதைத் துரத்தல் என்று எழுதியிருக்கிறார்கள். வேகத்தடை வந்தால் அவர் முட்டைக்காக மெல்ல ஏறி இறங்குவார், நான் இடுப்புக்காக மெல்ல ஏறி இறங்குவேன். வழியில் ஒரு கிழவர் எங்கள் இரண்டு பேரையும் நடந்தே தாண்டிப் போனார். கிடா வெட்டுக்குப் போன ஒரு வேன் ஓரங்கட்டி நின்றது. அதிலிருந்தவர்கள் மந்திரி வருகிறார் என்று நினைத்து இறங்கி, கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அம்மாசி அவர்களுக்குப் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நான் போடவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது.

இவ்வளவோடு முடிந்திருக்கும். நான் இதற்குள் வயர்லெஸ் மைக்கில் பேசிவிட்டதுதான் சிக்கலாகிவிட்டது. சைகை காட்டியும் நிற்காத சந்தேக வாகனம், பின்தொடர்கிறோம் என்று கண்ட்ரோலுக்குச் சொல்லியிருந்தேன். என்ன சரக்கு என்று கேட்டார்கள். முட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. வெள்ளையாக இருக்கிறது என்றேன். பாக்கெட்டா என்றார்கள். அடுக்கடுக்காக இருக்கிறது என்றேன். இரண்டிலும் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனால் கண்ட்ரோலில் இருந்தவனுக்குக் குரலே மாறிவிட்டது. வெண்ணந்தூர் ரோட்டை மறிக்கச் சொன்னான். எங்கள் இன்ஸ்பெக்டர் சாப்பாட்டில் கை வைத்தவர், கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டார் என்று மைக்கில் கேட்டது. மாதேஷ் என்னைப் பார்த்தான், நான் ரோட்டைப் பார்த்தேன்.

என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அடுத்த வருடம் நான் ரிட்டையர்டு ஆகிறேன். சேலம் ஜில்லா, நாமக்கல் ஜில்லா இரண்டும் மைக்கில் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இன்ஸ்பெக்டர் பசியோடு வந்து இறங்கி, ஹெல்மெட் போட்ட ஒரு முட்டைக்காரரைப் பார்த்தால் என்ன ஆகும்? சாகிறவரைக்கும் எனக்கு முட்டை வெங்கடாசலம் என்றுதான் பெயர். என் பேரன் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியுமா?

பம்புசெட்டு வளைவில் அம்மாசிக்கு அவர் தேடிய இடம் கிடைத்துவிட்டது. ரோட்டை ஒட்டி நல்ல அகலமான மண்மேடு. அதற்கு அடுத்து கிணறு. எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்குக் கைப்பிடிச்சுவர் இருப்பதில்லை, அது அரசாங்கம் கவனிக்க வேண்டிய விஷயம். அவர் மேட்டில் ஏறி, வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். இப்போதாவது போங்கள் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

அவர் நின்றுவிட்டார், அம்மா. அதுதான் பிரச்சினை. நிற்காத வாகனம் என்று நான் சொல்லியிருக்கிறேன், வாகனம் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் ஆக்ஸிலேட்டரை மிதிக்கவில்லை. இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிரேக்கைத்தான் மிதிக்கவில்லை. ஜீப்பின் முன்கம்பி மொபெட்டின் பின்பக்கத்தைத் தொட்டது. நேராக, கோணாமல் தொட்டது. தாறுமாறாக ஓட்டியிருந்தால் ஜீப்பும் கிணற்றுக்குள் போயிருக்கும். மொபெட் விளிம்பில் ஒரு வேலாமரத்துத் தூரில் மாட்டி நின்றுகொண்டது. அம்மாசி மட்டும் உள்ளே போனார்.

அவர் விழுந்து செத்தார் என்று பத்திரிகையில் வந்ததும் தவறு. விழுந்ததில் சாகவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது. மோட்டார் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். ஒரு கால் ஒடிந்திருக்கும் போல, நீந்த முடியவில்லை. அப்போதும் அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

“சாமி, முட்டை ஏதாச்சும் ஒடஞ்சுபோச்சுங்களா?”

கீழ் அட்டையில் மட்டும் கொஞ்சம் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பிறகுதான் கயிறு இருந்தால் போடச் சொன்னார்.

கயிறு ஜீப்பில் இல்லை என்று நாங்கள் எழுதிக்கொடுத்திருக்கிறோம். இருந்தது. பழுதான வண்டியை இழுக்கிற கயிறு, நல்ல கெட்டிக் கயிறு. மாதேஷ் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். நான்தான் அதை வாங்கிக்கொண்டு, வளைவில் போய்ப் போக்குவரத்தைக் கவனி என்று அவனை அனுப்பினேன். போக்குவரத்து ஒன்றும் இல்லை, ஒரு ஆடு நின்றது. அவன் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி நின்றான். அதட்டினேன், போய்விட்டான். ஆகவே மாதேஷ்மேல் எந்தக் குற்றமும் கிடையாது.

இன்ஸ்பெக்டர் வருவதற்குள் விசாரணையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அம்மாசியைத் தூக்கியபிறகு விசாரிப்பது கஷ்டம். கூட்டம் கூடிவிடும், ஆளாளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அதனால் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன்.

“நிக்கறேன்னு கை காட்டுனனுங்களே, சாமி.”

நான் அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். நீ எங்களைப் பார்க்கவில்லை, பயத்தில் ஓடினாய், நீயாகவே தடுமாறி விழுந்தாய், அப்படித்தானே என்றேன். அவர் நல்ல மனுசன், ஆனால் விவரம் பத்தாது.

“இல்லீங்க. பாத்தனுங்க. பாத்துட்டுத்தானுங்க கை காட்டுனேன்.”

நன்றாக யோசித்துச் சொல் என்றேன். நான் அவரை மிரட்டவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. கயிற்றைக் கையிலேயே சுருட்டி வைத்திருந்தேன், அவருக்கும் தெரிகிற மாதிரிதான் வைத்திருந்தேன். ஒரு வார்த்தை, பாக்கலீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிஷமே விட்டிருப்பேன். அவர் யோசித்தார். குழாயில் பாசி, கை நழுவும், மறுபடி பிடிப்பார். மறுபடியும் கை காட்டுனனுங்களே என்றுதான் சொன்னார். கடைசித் தடவை அதைப் பாதிதான் சொன்னார்.

முட்டையை வைத்திருந்தால் கெட்டுப்போகும் என்று இன்ஸ்பெக்டர் அன்றைக்கே ஸ்டேஷனில் வேகவைக்கச் சொல்லிவிட்டார். எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் ஒன்றுகூடத் தொடவில்லை.

வெளியே வராந்தாவில் அம்மாசியின் சம்சாரம் செல்லாயி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வரும்போது பார்த்தேன். வெயில் படுகிறதே என்று மின்விசிறிக்குக் கீழே நகர்ந்து உட்காரச் சொன்னேன். நான் யார் என்று அதற்குத் தெரியவில்லை. யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டது.

“எப்பவும் நின்னுருவாருங்க. அன்னைக்கு மட்டும் ஏனுங்க நிக்காம போனாரு?”

நானும் அவரிடம் அதைத்தான் கேட்டேன், கடைசிவரைக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான். ஓட்டியது வெங்கடாசலம். தாறுமாறாக ஓட்டவில்லை. விழுந்தவரைத் தவிக்க விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று யாராவது சொன்னால் அதையும் வெட்டிவிடுங்கள். தண்ணீர் அடங்குகிற வரைக்கும் நான் கிணற்று மேட்டைவிட்டு நகரவில்லை, கயிறும் கையைவிட்டு நகரவில்லை. வேண்டிய அவகாசம் கொடுத்தேன். வாழ்நாள் பூராவும் அவசரம் என்றால் என்னவென்றே தெரியாமல் வண்டி ஓட்டிய மனுசன், அன்றைக்கு மட்டும் அவசரப்பட்டுவிட்டார்.