சவுக்குத்தோப்பில் உடைந்த காற்றைக் கணக்கிட்டவருக்கு

பழவேற்காடு ஏரிக்கரைக் காற்றாய்வு நிலையத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் அரும்பணியாற்றி, 30-6-1988ஆகிய இன்று ஓய்வுபெறும் முதுநிலை ஆய்வாளர் திரு. அப்துல் ஹை அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல்.

கண்ணுக்குத் தெரியாக் காற்றைக் கணக்கில் கட்டிய கண்ணியரே! பிழையை மறைக்காப் பெருந்தகையே! வணக்கம்.

காற்று எங்கும் ஒன்றே என்று எண்ணி இங்கு வந்தவர்கள் நாங்கள். அது நீர்மேல் வழுக்கும், சேற்றில் தயங்கும், முள்வேலியில் கிழிபடும், கூரைகளில் முட்டி மேலெழும் என்பதையும், தரையின் முரடு இடத்துக்கிடம் மாறினால் காற்றின் சுழிப்பும் மாறும் என்பதையும் காற்றளக்கும் கம்பம் கம்பமாக ஏறிக் காட்டியவர் தாங்கள்.

தங்கள் புகழைச் சொல்லுமுன் தங்கள் பிழையைச் சொல்லியாக வேண்டும். விட்டுவிட்டால் தாங்களே கோபிப்பீர்கள். 1976இல், அக்கரை மணல்திட்டு ஊருக்குப் படகுத்துறை எங்கே கட்டலாம் என்று மாவட்ட நிர்வாகம் கேட்டது. பள்ளிப் பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் பாய்மரப் படகில் கடக்கும் நீர் அது. அதுவரை ஆறு படகுகள் கவிழ்ந்திருந்தன. ஏரி, மணல், தோப்பு மூன்றின் முரட்டையும் கூட்டிச் சராசரி கண்டு, சவுக்குத்தோப்பின் மறைவே தக்க இடம் என்று கையொப்பமிட்டீர்கள். அங்கே நின்ற மூன்றாம் கம்பத்துக் கருவியின் முள் மட்டும் பேய் பிடித்ததுபோல் ஆடியது. ‘கருவிக் கோளாறு’ என்று எழுதி இருமுறை கருவியை மாற்றினீர்கள். மாற்றிய கருவியும் ஆடியது.

அக்கம்பத்தடியில் கழுத்தளவு நீரில், பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி கையால் இறால் தடவும் நாகம்மாள், ஒருநாள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: “மிசினு நல்லாத்தான் கீது பாய். தோப்புல பூந்து காத்து ஒடைஞ்சி ஒடைஞ்சி வருது. கொஞ்ச நேரம் சும்மா கீது, திடீர்னு ஒரு அடி அடிக்குது. படகு கவுறது அந்த அடியிலதான். சும்மா கீற நேரத்துல இன்னா கவுந்துச்சி?”

சட்டை மடிப்புக் கலையாத தாங்கள், அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் நான்கு பிற்பகல்கள் கழுத்தளவு நீரில் நின்றீர்கள். ஐந்தாம் நாள் ஆட்சியர் கூட்டத்தில் எழுந்து, “என் அறிக்கை தப்பு சார். படகு சராசரி காத்துல ஓடல” என்றீர்கள். அதற்குள் தோப்போரம் துறை கட்டக் கல் இறங்கிவிட்டிருந்தது. மேலிடம் சினந்தது, தங்கள் பதவி உயர்வு ஐந்தாண்டு தள்ளிப்போனது. தோப்புக்குத் தெற்கே, காற்று ஒரே சீராக வரும் வெட்டவெளியில் துறை கட்டத் தாங்கள் சொன்னபோது, பாய்க்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று ஊர் சிரித்தது. ஆனாலும் துறை அங்கேதான் எழுந்தது.

அதன்பின் தாங்கள் செய்தது எங்களை இன்றும் மலைக்க வைக்கிறது. ஏரிப் படத்தை அறுநூற்று நாற்பது கட்டங்களாக்கி, கட்டத்துக்குக் கட்டம் தனி முரடு கொடுத்து, ஒரு கட்டம் காற்றுக்குச் செய்ததை அடுத்த கட்டத்துக்கும் சுமந்து சென்று, மடக்கை அட்டவணையும் பென்சிலுமாக நான்கு ஆண்டுகள் கணக்கிட்டீர்கள். தோப்பைத் தாண்டிய பிறகும் தோப்பு காற்றுக்குள் இருக்கிறது என்று தாங்கள் விளக்கிய அன்று எங்களுக்கு மயிர் கூச்செறிந்தது. மூன்றாம் கம்பத்து முள் ஆடிய ஆட்டத்தையே தங்கள் கணக்கும் காட்டியது. அந்தக் காற்றுக்கு அறிவியல் பெயர் தேடி அலையாமல், நாகம்மாள் வாயிலிருந்து ‘உடைகாற்று’ என்றே எடுத்து, ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதினீர்கள். எங்களில் சிலர் அன்று முகம் சுளித்தோம், இன்று வெட்கப்படுகிறோம்.

அலுவலக உடைமையை அன்பளிப்பாகத் தர விதியில்லை. ஆகவே, தாங்கள் வைத்திருந்த படகு விபத்துப் பதிவேட்டைத் தரவில்லை. மேசைமேல் விரித்து மட்டும் வைத்திருக்கிறோம். விபத்துக்கு ஒரு பக்கம், அந்த நேரத்துக் காற்று, உயிர் போனவர்கள் பெயர் என்று தங்கள் கையெழுத்தில் ஆறு பக்கங்கள். துறை திறந்தது 1978இல். ஏழாம் பக்கத்தில் தலைப்புக் கோடு மட்டும் கிழித்து வைத்தீர்கள்.

நோய் நொடியின்றி, நூறாண்டு, ஏரிக்காற்று இதமாக வீசும் முற்றத்தில் தாங்கள் இல்லத்தாருடன் இனிது வாழ்க. தாங்கள் இங்கே எழுதிய ஆயிரமாயிரம் பக்கங்களுள், பத்தாண்டாக வெள்ளையாகவே இருக்கும் அந்த ஏழாம் பக்கத்தைத்தான் நாங்கள் தொட்டுக் கும்பிடுகிறோம்.

இங்ஙனம்,
தங்களோடு கம்பம் ஏறிய
நிலையப் பணியாளர்கள்
பழவேற்காடு