ஞாயிற்றுக்கிழமைக் குளியல்

குற்றாலத்திலிருந்து தென்காசி திரும்பும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் பாட்டில் தண்ணீரைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னவே பண்ணுதீரு?" என்றார் பக்கத்தில் இருந்த நண்பர்.

"வீட்டுல அருவிக்குப் போறேன்னுதானுங்க சொல்லிட்டு வாரேன். ஈரோட்டுல இருந்து மாத்தலாகி வந்து மூணு மாசம் ஆச்சு, உங்க கூட பரோட்டாக் கடைக்குத்தான் போறேன். அருவியை எட்டிக்கூடப் பாக்கலை. டாக்டர் பரோட்டாவே கூடாதுன்னுட்டாரு, தெரிஞ்சா தொலைஞ்சேன்."

"அப்போ துண்டையும் நனைச்சிரும்வே."

துண்டும் நனைந்தது. போன் அடித்தது. இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஏனுங்க, குளிச்சாச்சுங்களா?"

"ஆச்சு கண்ணு. அருமையான தண்ணி. தலைகூட இன்னும் காயலை."

"காத்தால இருந்து வெள்ளம், அருவியில யாரையும் குளிக்க விடலைன்னு டிவியில சொல்றாங்க?"

நண்பர் மெதுவாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூணு மாசமா நீங்க குளிச்சுட்டு வந்தா சட்டையில சால்னா வாசம்தான் வருது. எந்தக் கடைன்னு சொல்லுங்க, அடுத்த வாரம் நானும் வாரேன்."