அவர் மறந்துபோனது

அந்த ஆஸ்பத்திரியில் ரசம் நன்றாக வைப்பார்கள். அவர் இரண்டு டம்ளர் குடிப்பார். பட்டினி போட்டேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள் சார்.

என் வீட்டுக்காரர் ஆதிமூலம், பஸ் டிரைவராக இருந்தவர். நான்கு வருடமாக மறதி நோய். பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு புத்தி இன்னும் கலங்கிவிட்டது. குளுக்கோஸ் குழாயைப் பிடுங்குவார், துணி மாற்றப் போனால் குத்துவார். அதனால் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு கட்டிவைத்தார்கள். நாற்பது நாள் நான் ஒருத்திதான் கூட இருந்தேன். மகன் அன்பரசன் பெங்களூரிலிருந்து போனில், “அப்பாவ பொறுமையா பாத்துக்கோம்மா” என்பான்.

பொறுமையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தெட்டு வருடம் பெல்ட்டால் அடித்தார். என் இடது காது கேட்காது.

ஒரு மத்தியானம் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காதோரத் தழும்பைப் பார்த்துவிட்டு, “யாரும்மா உன்ன இப்டி அடிச்சது? அவன்லாம் நல்லா இருப்பானா?” என்றார். கண் கலங்கியிருந்தது.

“நீங்கதான்.”

“நானா? நான் அப்டிப்பட்ட ஆளு இல்லம்மா.”

அன்றுதான் முதல் அறை. கோபமில்லை, ஞாபகம் வரட்டும் என்றுதான். பிறகு தினமும், நர்ஸ் தேவிப்ரியா சாப்பிடப் போகும் நேரத்தில். திரையை இழுத்துவிட்டு, வாயில் துண்டை வைத்துவிடுவேன். பக்கத்துக் கட்டில்களில் நோயாளிகள் தூங்குவார்கள் அல்லவா. கன்னம் வீங்கியதை நர்ஸ் கேட்டபோது, “கம்பில இடிச்சிக்கிறாரும்மா” என்றேன். அவள் கட்டை இன்னும் இறுக்கிவிட்டுப் போனாள்.

நேற்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் மாட்டி, மத்தியான நர்ஸ் வர நேரமாயிற்று. துண்டை எடுத்துவிட்டு, “யார் அடிச்சது, சொல்லுங்க” என்று கேட்டேன்.

“வலிக்குதுக்கா. நான் என்னா தப்பு பண்ணேன்?”

நான் அவரிடம் முப்பத்தெட்டு வருடம் கேட்ட கேள்வி அது. அவர் பதில் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. செம்பு நெளிந்த பிறகு நிறுத்தினேன். கட்டை அவிழ்த்து, முகம் துடைத்து, தலை வாரி, திருநீறு வைத்தேன்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். அடித்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். எங்கள் வீட்டில் அடிக்கிறவர் அவர்தான்.